தோப்புல தென்னை மட்டும் போதாதுங்க ஐயா

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் பேராவூரணி பக்கம் ஒரு கிராமத்துல விவசாயம் பாக்குறேன். உங்க பேப்பர்ல வர்ற விவசாயச் செய்திய விடாம படிப்பேன். கொஞ்ச நாள் முன்னாடி தென்னையில வர்ற வெள்ளை ஈ பத்தி போட்டிருந்தீங்க, என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணிக்குன்னு எல்லாம் வெவரமா இருந்துச்சு, ஆனா அந்த ஈ ஏன் ஒரு தோப்புலேருந்து அடுத்த தோப்புக்கு இவ்ளோ சுளுவா போவுதுங்குறத பத்தி ஒரு வரி கூட இல்ல. அது மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் எழுத உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போவும், தயவு பண்ணி வெட்டாம போடுங்க.

எங்க ஊர்லேருந்து பட்டுக்கோட்டைக்கு பஸ்ல போனா ரெண்டு பக்கமும் தென்னை தவுர வேற ஒண்ணும் கண்ணுல படாது. வெளியூர்லேருந்து வர்றவங்க அடேயப்பா எவ்ளோ பச்சைன்னு சொல்லுவாங்க. ஆனா இது ஆதியிலேருந்து தோப்பு இல்லைங்க. எங்க தாத்தா காலத்துல இது நெல்லு வயலு, அதுக்கும் முன்னாடி மானாவாரி, வரகும் கேவுரும் கடலையும்தான். 1934ல மேட்டூர் அணை வந்தப்ப அதோட சேந்து கல்லணைக் கால்வாயும் வந்துச்சு, எங்க ஆளுங்க அத இன்னிக்கும் புது ஆறுன்னுதான் சொல்லுவாங்க, அந்தத் தண்ணி வந்துதான் இங்க நெல்லு வெளைஞ்சுது. ஆனா நாங்க கடைமடை. மேட்டூர்ல தொறக்குற தண்ணி எங்களுக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி நாளு போயிரும், சில வருசம் வரவே வராது. காத்துக் காத்துப் பாத்துட்டு ஆளாளுக்கு போர் போட்டு தென்னைய வச்சோம். ஆள் செலவு கம்மி, 45 நாளைக்கு ஒரு வெட்டு, ஏவாரி தோப்புக்கே வந்து காசு குடுத்துட்டு போயிருவாரு. தென்னைய நான் குத்தம் சொல்லல, எம் புள்ளைங்கள படிக்க வச்சதே அதுதான். எல்லாரும் அத மட்டுமே வச்சதுதான் தப்பாப் போச்சு.

2018 நவம்பர் 15 ராத்திரி படுத்தோம், விடிஞ்சா 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்க மேலதான் வந்துச்சு. மொதல்ல வடக்கேருந்து அடிச்சுது, அப்புறம் கொஞ்ச நேரம் ஓஞ்ச மாதிரி இருந்துச்சு, சரி முடிஞ்சுதுன்னு நெனச்சு வெளிய வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா பாதி மரம் நின்னுது, உள்ள போயி கதவ சாத்துறதுக்குள்ள தெக்கேருந்து திருப்பி அடிச்சுது பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சு. ஒரு பக்கம் வளைஞ்ச மரத்த மறு பக்கம் திருகி விட்டா என்ன ஆவும். எனக்கு 4 ஏக்கரு, ஏக்கருக்கு 70 மரம், 280 மரம். காலையில எண்ணிப் பாத்தா 31 நின்னுது. அந்த 31லயும் பாதி மண்டை திருகி நின்னுது, அதுவும் ஆறு மாசத்துல ஒண்ணொண்ணா செத்துப் போச்சு. எங்க அப்பா தோப்புக்குள்ள போவவே இல்ல, வரப்புல நின்னு பாத்துட்டு திரும்பிட்டாரு. நாலஞ்சு நாளு யாருகிட்டயும் பேசல.

அப்ப எங்க பெரியம்மா தோப்ப பத்தி சொல்லணும், இந்தக் கடிதத்துல நான் சொல்ல வந்ததே அதுதான்.

பெரியம்மாவுக்கு ஒரே ஒரு ஏக்கருதான். அதுலயும் தென்னை 30 தான் இருக்கும், மிச்ச எடத்துல மா, ரெண்டு பலா, வாழை, முருங்கை, நடுவுல சேனைக்கெழங்கு, மஞ்சள், ஓரமா வேலிக்கு பனை. நாங்க எல்லாரும் அவங்கள பொழைக்கத் தெரியாதவங்கன்னுதான் பேசுவோம், பனைய வெட்டிட்டு இன்னும் பத்து தென்னை வைங்க பெரியம்மான்னு நானே எத்தனையோ தடவை சொல்லிருக்கேன். கஜாவுல அவங்களுக்கும் தென்னை போச்சு, பலா ரெண்டும் போச்சு, வாழை தரையோட படுத்துருச்சு, முருங்கை முறிஞ்சுது. பனை ஒண்ணு கூட விழல. மண்ணுக்குள்ள இருந்த சேனைக்கும் மஞ்சளுக்கும் காத்து என்ன பண்ணும்? அதோட ஆவணியில வேலி ஓரமா பனங்கொட்டைய பொதைச்சு வச்சிருந்தாங்க, வருசா வருசம் செய்யிறதுதான். ரெண்டு மாசத்துல தை பொறந்துச்சு. பெரியம்மா சேனைய தோண்டுனாங்க, பனங்கெழங்க புடுங்கி கட்டு கட்டுனாங்க, மஞ்சக் கொத்த வேரோட புடுங்குனாங்க, எல்லாத்தையும் ஒரு டாட்டா ஏஸ்ல ஏத்திக்கிட்டு பொங்கல் சந்தைக்குப் போயி வித்துட்டு வந்தாங்க. நான் அந்த வண்டியில ஏத்துக் கூலிக்குப் போனேன். 4 ஏக்கர்காரன் ஒரு ஏக்கர்காரங்க வண்டியில மூட்டை ஏத்துனேன். வர்றப்ப பெரியம்மா எங்க வீட்டுக்கு ஒரு கட்டு பனங்கெழங்கும் ஒரு மஞ்சக் கொத்தும் குடுத்து விட்டாங்க, அந்த வருசம் எங்க வீட்டு பொங்கப் பானையில கட்டுன மஞ்சள் அதுதான். முறிஞ்ச முருங்கை அதுக்குள்ள தளுத்துருச்சு, வாழைக்கு பக்கக் கன்னு வெடிச்சு அடுத்த வருசம் தாரு போட்டுச்சு. எனக்கு தென்னங்கன்னு வச்சு அது பாளை விடவே ஆறு வருசம் ஆச்சு.

அன்னிக்குத்தான் எனக்கு புரிஞ்சுதுங்க. அவங்க வச்சிருந்தது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒண்ணு ஒசரமா நிக்கும், ஒண்ணு மண்ணுக்குள்ள இருக்கும், ஒண்ணு முறிஞ்சாலும் தளுக்கும், ஒண்ணு ஆறு மாசத்துல காசாவும், ஒண்ணு அறுபது வருசம் நிக்கும். எந்தக் காத்தும் எந்த வறட்சியும் அத்தனையையும் ஒரே நேரத்துல சாய்க்க முடியாது.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூவா, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1100 ரூவான்னு அறிவிச்சாங்க. ஆனா எங்க ஊருக்கு கணக்கெடுக்க வந்தவங்க விழுந்த தென்னைய எண்ணுனாங்களே தவுர கூட என்ன வச்சிருக்கீங்கன்னு கேக்கவே இல்ல. அப்புறம் கன்னு குடுத்தப்ப எங்க கைக்கு வந்ததும் தென்னங்கன்னுதான். நாங்களும் யோசிக்காம அதே குழியில அதையே வச்சோம், பக்கத்து தோப்பும் அதே, அதுக்கு பக்கத்து தோப்பும் அதே. வங்காள விரிகுடாவுல புயல் வர்றது இதோட நிக்கப் போறதில்ல, இன்னொரு கஜா வந்தா அதே கதைதான்.

இப்ப வெள்ளை ஈக்கு வர்றேன். சுருள் சுருளா இலைக்கு அடியில முட்டை போடுற அந்த ஈ நம்ம நாட்டுல 2016ல பொள்ளாச்சி பக்கம் மொதல்ல பாத்தது, இன்னிக்கு தென்னை இருக்குற எடம் எல்லாம் இருக்கு. மட்டை மேல கருப்பா புகை படிஞ்ச மாதிரி ஆயிரும், கீழ நின்னா பிசுபிசுன்னு மேல சொட்டும். பொள்ளாச்சியிலேருந்து எங்க ஊரு வரைக்கும் அதுக்கு நாமதான் பந்தி விரிச்சு வச்சிருக்கோம், கண்ணுக்கு எட்டுன தூரம் ஒரே தென்னை, அது எங்கயும் எறங்கி தேட வேண்டியதே இல்ல. மருந்து அடிச்சா ஈயும் சாவும், அந்த ஈக்குள்ள முட்டை வச்சு அத அழிக்கிற என்கார்சியான்னு ஒரு குட்டிக் குளவி இருக்கு, அதுவும் சேந்து சாவும், அடுத்த மாசம் ஈ மட்டும் திரும்பி வந்துரும், குளவி வராது. எம் மக வேளாண்மை படிக்குது, அதுதான் சொல்லுச்சு, தோப்புக்குள்ள வாழையும் கல்வாழையும் ஊடால வச்சா அந்தக் குளவி அதுல தங்கிப் பெருகும்னு. அதே வாழைதான் இன்னொரு வேலையும் செய்யுது. எங்க மாவட்டத்து பேரையே வச்சிருக்காங்களே தஞ்சாவூர் வாடல் நோய், 1952 புயலுக்கு அப்புறம் இங்கதான் கண்டுபிடிச்சாங்க, அடித்தண்டுல செவப்பா சாறு வடிஞ்சு மரம் செத்துப் போவும், அதுக்கும் தண்ணி வசதி இருந்தா வாழைய ஊடுபயிரா போடுங்கன்னுதான் வேளாண் பல்கலைக்கழகமே சொல்லுது. ஒரு வாழை ரெண்டு நோய்க்கு காவல் நிக்குது, தாரும் போடுது. இத ஏன் ஐயா மருந்து பேரு போடுற அளவுக்கு பெருசா போட மாட்டேங்குறீங்க?

நெல்லுலயும் இதே கதைதான். எனக்கு கால்வாய் பாசனத்துல ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கு. முன்னாடி எல்லாம் டெப்போவுல என்ன விதை இருக்கோ அத முழுக்க போட்டுருவேன். கஜாவுக்கு அப்புறம் பிரிச்சுப் போட ஆரம்பிச்சேன், அரை ஏக்கர் சிஆர் 1009, அரை ஏக்கர் தூயமல்லி, அரை ஏக்கர் மாப்பிள்ளை சம்பா. 2021 ஜனவரியில டெல்டாவுல பெஞ்ச மழை யாருக்கும் மறந்திருக்காது, பொங்கலுக்கு அறுக்க வேண்டிய கதிரு தண்ணியில படுத்து மொளைச்சுப் போச்சு. என்னோடதுல நாளு கம்மியான தூயமல்லிய மார்கழி பாதியிலயே அறுத்து வீட்டுக்கு கொண்டாந்துட்டேன். சிஆர் பாதிக்குப் பாதி தேறுச்சு. மாப்பிள்ளை சம்பா ஆள் ஒசரம் வளர்றது, அதுதான் மொதல்ல சாஞ்சுது, கால்வாசி கூட தேறல. பழைய ரகம்னா எல்லாத்தையும் தாங்கும்னு சில பேரு மேடையில பேசுறாங்க, அப்படி இல்லைங்க, நான் கண்ணால பாத்தத சொல்றேன். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு தெம்பு இருக்கு, ஒரு பலவீனமும் இருக்கு. மூணு இருந்ததால மூணும் ஒண்ணா போவல, அவ்ளோதான். பக்கத்து வயக்காரரு மூணு ஏக்கரும் ஒரே ரகம், ஒரே நாள் நடவு, அவரு அந்த வருசம் சாப்பாட்டுக்கே அரிசி வெலைக்கு வாங்குனாரு.

பழசு புதுசுன்னு சண்டை போடுறதுலயும் எனக்கு உடன்பாடு இல்ல. இப்ப டெல்டாவுல சிஆர் 1009 சப் 1னு ஒரு ரகம் போடுறோமே, ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள முழுவிக் கெடந்தாலும் தண்ணி வடிஞ்சதும் தளுத்துரும். அந்த குணம் எங்கேருந்து வந்துச்சுன்னா ஒடிசாவுல விவசாயிங்க வெள்ளத்துல போட்டுக்கிட்டு இருந்த ஒரு நாட்டு நெல்லுலேருந்து. எஃப்ஆர் 13ஏன்னு அத ஆராய்ச்சி நிலையத்துல எடுத்து வச்சிருந்தாங்க, அதுல இருந்த அந்த ஒரு மரபணுவத்தான் புது ரகத்துல சேத்தாங்க. மகசூல் கம்மி, அரிசி முரடுன்னு அந்த நாட்டு நெல்ல அன்னிக்கே எல்லாரும் கை விட்டிருந்தா இன்னிக்கு சப் 1 ஏது? வேதாரண்யம் பக்கம் உப்பு மண்ணுல வெளையிற குழியடிச்சான், யானையையே மறைக்கிற ஒசரம்னு சொல்ற காட்டுயானம், கொறஞ்ச நாளுல வர்ற பூங்காரு, இதுல எதுக்குள்ள எந்த குணம் நாளைக்கு நம்ம பேரப்புள்ளைங்களுக்கு தேவைப்படும்னு யாரு சொல்ல முடியும்.

அத நெனச்சுத்தான் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் ஐயா வாழ்நாள் முழுக்க ஓடுனாரு. 174 நாட்டு ரகத்த தேடி மீட்டாரு, ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி வர்ற விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை குடுப்பாரு, அடுத்த வருசம் நாலு கிலோவா திருப்பித் தரணும், அது இன்னும் ரெண்டு பேருக்கு போவும். கஜா அடிச்சு இருபது நாளுல, 2018 டிசம்பர் 6ஆம் தேதி அவரு தவறிட்டாரு. நாங்க அப்ப மரத்த அறுத்துக்கிட்டு இருந்தோம், கரண்டு கூட வரல, துக்கத்துக்குப் போவ முடியலயேன்னு இன்னிக்கும் வருத்தம் இருக்கு. 2021ல வந்த வேளாண் பட்ஜெட்டுல அவரு பேருலயே பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கம்னு அறிவிச்சாங்க, சந்தோசம். ஆனா வெளைய வச்ச நெல்ல எங்க கொண்டு போறது? கொள்முதல் நிலையத்துல சன்ன ரகம், பொது ரகம்னு ரெண்டு வெலைதான், மாப்பிள்ளை சம்பா மாதிரி செவப்பரிசி நெல்லுக்குன்னு ஒரு வெலை கெடையாது. மெட்ராஸ்ல கடையில கிலோ என்ன வெலைக்கு விக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், எங்ககிட்ட தரகர் கேக்குற வெலையும் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விசயம் சத்தமில்லாம போயிக்கிட்டு இருக்கு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி, வயல்ல மெழுகு பதம் ஈரம் இருக்கறப்பவே நிக்கிற கதிருக்குள்ள உளுந்தும் பயறும் தெளிப்போம். கதிரு அறுக்குறதுக்குள்ள அது மொளைச்சு ரெண்டு இலை விட்டுரும். உழவு இல்ல, தண்ணி இல்ல, பனி ஈரத்துலயே வெளைஞ்சு பங்குனியில கைக்கு வரும், அதோட வேர் முடிச்சு மண்ணுக்கு தழைச்சத்த விட்டுட்டுப் போவும், குறுவைக்கு யூரியா மிச்சம். இப்ப அறுப்பு மெஷின் எறங்குனா அந்த மொளை எல்லாம் சக்கரத்துல நசுங்கிப் போவுது. கை அறுப்புக்கு ஆளு கெடையாது. பாதிப் பேரு தெளிக்கிறதையே விட்டுட்டாங்க, தை மாசத்துலேருந்து வயலு வெடிச்சுக் கெடக்கு. மொளைய நசுக்காத மாதிரி ஒரு மெஷின் செஞ்சு குடுக்க முடியாதா, நெலாவுக்கு ராக்கெட் விடுற நாடு இது.

கலந்து வைக்கிறதுல கஷ்டம் இல்லாம இல்ல. ஏவாரி ஒரே ரகமா ஒரு லோடு இருந்தாத்தான் வண்டி அனுப்புவாரு, அஞ்சு விதமா கொஞ்சம் கொஞ்சம் வச்சிருந்தா நாமளே சந்தைக்கு தூக்கிட்டு அலையணும். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பக்குவம், ஆளும் கூட வேணும். அதனாலதான் சொல்றேன், இது தனி ஒரு விவசாயி செஞ்சு முடிக்கிற காரியம் இல்ல. சீனாவுல யுன்னான் மாகாணத்துல ஆயிரக்கணக்கான விவசாயிங்க சேந்து ஒரு காரியம் செஞ்சாங்களாம், குலை நோய்க்கு சீக்கிரம் பலியாவுற, சமைச்சா பசை மாதிரி ஒட்டுற ரக நெல்ல தனியா போடாம, நோய் தாங்குற வீரிய நெல்லு வரிசைங்களுக்கு ஊடால ஒரு வரிசையா நட்டாங்க. நோய் 94 சதவீதம் கொறைஞ்சுது, அந்த ஒட்டும் நெல்லோட மகசூலு 89 சதவீதம் கூடுச்சு, ரெண்டு வருசத்துல பூஞ்சாண மருந்து அடிக்கிறதையே நிறுத்திட்டாங்க, 2000த்துல அந்த ஆராய்ச்சி வெளிய வந்துச்சுன்னு மக படிச்சுக் காமிச்சுது. ஊரே சேந்து செஞ்சதாலதான் அது நடந்துச்சு. நான் ஒருத்தன் எந் தோப்புல வாழை வச்சு என்கார்சியாவ வளத்தாலும் சுத்தி நாப்பது தோப்புல மருந்து அடிச்சா அது எங்க போயி பொழைக்கும்.

அதனால அதிகாரிங்க கண்ணுல படுற மாதிரி இத போடுங்க ஐயா. கன்னு குடுக்குறப்ப தென்னையோட வாழைக் கட்டை, பலாக்கன்னு, சேனை விதைக்கெழங்கு, பனங்கொட்டைன்னு சேத்துக் குடுங்க. நிவாரணக் கணக்கு எடுக்க வர்றவங்க வெறும் மரத்த எண்ணாம தோப்புல இருக்குற எல்லாத்தையும் எழுதட்டும். எந்த நெலத்துல என்ன பயிர் இருக்குன்னு எழுதுற கிராமக் கணக்கான அடங்கல்லயும் அதே மாதிரி, போன வருசம் என் தோப்புக்கு அடங்கல் வாங்கப் போனேன், வாழையும் சேனையும் இருக்கு சார் அதையும் எழுதுங்கன்னா, தென்னைன்னு ஒண்ணு போதும்னு எழுதிக் குடுத்துட்டாங்க, நாளைக்கு வெள்ளம் வந்து சேனை அழுகிப் போனா எந்தக் காகிதத்த வச்சு நான் கேப்பேன்? செவப்பு நெல்லுக்கு ஒரு தனி வெலைய வையிங்க, சத்துணவுக்கு வாரத்துல ஒரு நாளாவது அத போடுங்க, எடுக்க ஆள் இருந்தா நாங்க வெளைய வைக்கத் தயார்.

என் தோப்புல இப்ப தென்னைக்கு ஊடால ஒரு ஏக்கர்ல நேந்திரமும் பூவனும் வச்சிருக்கேன், கன்னு செறுசா இருந்தப்ப கடலையும் உளுந்தும் போட்டேன், இப்ப சேனை. வடக்கு ஓரம் முழுக்க பனங்கொட்டை போட்டுருக்கேன், அதுல பாதிய கெழங்குக்கு புடுங்காம மரமாவட்டும்னு விட்டுட்டேன். பெரியம்மாவுக்கு இப்ப எழுபது தாண்டிருச்சு, போன வாரம் வந்து பாத்துட்டு எடைவெளி பத்தாதுடா, ஒண்ணு விட்டு ஒண்ண எடுத்துருன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. வர்ற தையில உங்க நிருபர் யாரையாவது அனுப்பி விடுங்க ஐயா, சேனை தோண்டுற அன்னிக்கு வந்தா ரெண்டு தோப்பையும் காட்டுறேன், பெரியம்மாவும் பேசுவாங்க.

இப்படிக்கு,
பேராவூரணி பகுதி விவசாயி ஒருவர்